வாய்க்காலுக்கு மேற்கே என்ன இருக்கிறது, தெரியுமா? புதுச்சேரியின் வாய்பிளக்க வைக்கும் மனிதர்கள்!

பாண்டிக்குப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? மஞ்சள் சுவர் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரை நடக்கிறார்கள். ஒரு காபி குடிக்கிறார்கள். ஊர் பார்த்தாகிவிட்டது என்று வண்டி ஏறிவிடுகிறார்கள். அந்த மஞ்சள் சுவர்களுக்கு மேற்கே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. வெள்ளைக்காரர் குடியிருப்பையும் தமிழர் குடியிருப்பையும் பிரித்த வாய்க்கால் அது. அதைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். ஒவ்வொரு வீதியிலும் யாராவது ஒரு மகா மனிதர் வாழ்ந்தோ, ஒளிந்தோ, எழுதியோ, செத்தோ போயிருக்கிறார்!

முதல் ஆச்சரியம் அங்கேதான், ஒரு துபாஷியின், அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவரின், வீட்டில். லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் எழுதிய நாட்குறிப்பை உலகமே கொண்டாடுகிறதல்லவா? அவர் எழுதியது பத்து ஆண்டுகூட இல்லை. நம் ஆனந்த ரங்கப் பிள்ளை எத்தனை ஆண்டு எழுதினார் தெரியுமா? 24 ஆண்டுக்கு மேல்! 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி தொடங்கி 1761 ஜனவரி வரை. எந்தக் கப்பல் வந்தது, அதில் என்ன சரக்கு, கவர்னர் யார் மேல் எரிந்து விழுந்தார், யார் யாருக்கு எவ்வளவு லஞ்சம் கொடுத்தார்கள், எந்த வீட்டில் கல்யாணம், எவன் செத்தான், யார் அழவில்லை... எல்லாம் இருக்கிறது. எல்லாமே அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழில்.

1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர் பிள்ளை. 1747-இல் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷி ஆனார். கவர்னர் துய்ப்ளேக்ஸ் வலது கையால் செய்ததும் இடது கையால் செய்ததும் பிள்ளைக்குத் தெரியும். கவர்னர் மாளிகைக்குள் பல்லக்கில் போகும் உரிமை அவருக்கு இருந்தது. பாதரட்சையைக் கழற்ற வேண்டியதில்லை. தங்கப் பூண் போட்ட கைத்தடி வைத்துக்கொள்ளலாம். ‘ஆனந்தப்புரவி’ என்ற பெயரில் சொந்தக் கப்பலே ஓடியது. நவாபுகள் பட்டம் கொடுத்தார்கள். இத்தனை இருந்தும் கவர்னரின் மனைவி ழான் அம்மாளிடம் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. அந்த அம்மாளைப் பற்றி அவர் எழுதி வைத்திருக்கும் பக்கங்களைப் படித்தால், இதை எழுதி எங்கே ஒளித்து வைத்தார் மனுஷன் என்று நமக்கே பதறும்.

1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரம். மிஷன் தேவாலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை இடிக்க உத்தரவு ஆகிறது. இடிபட்டதைப் பிள்ளை, ஊர்ப் பெரியவர்களின் கையாலாகாத்தனத்தையும் சேர்த்து, அன்றைக்கே எழுதி வைத்துவிட்டார். இன்று நாம் போகிற வேதபுரீஸ்வரர் கோயில் பின்னால் வேறு இடத்தில் எழுந்தது. முந்தைய கோயிலின் கடைசி நாள்களுக்குக் அந்தக் காலத்துச் சாட்சி அந்த நாட்குறிப்பு!

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுகிறது. அதே மாதம் பிள்ளையும் கண்ணை மூடுகிறார். ஊரையே ஆங்கிலேயர் தரைமட்டம் ஆக்கினார்கள். கோட்டை போயிற்று, மாளிகை போயிற்று. காகிதக் கட்டுகள் மட்டும் தப்பின! 85 ஆண்டுகள் கழித்து, 1846-இல், கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் அவை பட்டன. பிறகு ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. சரி, தமிழ் மூலம் எப்போது அச்சானது தெரியுமா? 1948-இல் முதல் தொகுதி! ஒரு தமிழர் தமிழில் எழுதியது தமிழர் கைக்குப் புத்தகமாக வர 187 ஆண்டு. அதற்குள் வெள்ளைக்காரன் படித்து, மொழிபெயர்த்து, அடிக்குறிப்பும் போட்டு முடித்துவிட்டான். இதில் வெட்கப்பட நமக்கு நிறையவே இருக்கிறது.

பிள்ளை ஏன் அவ்வளவு ஜாக்கிரதையாக எல்லாவற்றையும் எழுதி வைத்தார்? என் ஊகம் இது. அவருடைய நெருங்கிய உறவினர் நைனியப்பப் பிள்ளையின் கதி அவருக்கு மறந்திருக்காது. நைனியப்பர்தான் அதற்கு முந்தைய தலைமுறையின் பெரிய துபாஷி. அவர் கிறிஸ்தவர் இல்லை என்பது சேசு சபைப் பாதிரிமாருக்கு உறுத்தல். கவர்னர் எபேருக்கு வேறு கணக்கு. 1716-இல் பிடித்துச் சிறையில் போட்டார்கள். தண்டனை என்ன தெரியுமா? 50 கசையடி, 3 ஆண்டுச் சிறை, 8,888 வராகன் அபராதம்! மறு ஆண்டே சிறையில் செத்துப்போனார். கதை அதோடு முடிந்திருந்தால் ஆயிரத்தில் ஒன்று என்று விட்டுவிடலாம். அவர் பிள்ளைகள் விடவில்லை. பாரிஸ் வரை மனு போட்டார்கள். தீர்ப்பு கவிழ்ந்தது. கவர்னர் எபேரையே கைது செய்து கப்பலேற்றினார்கள்! மூத்த மகன் குருவப்பா கடல் கடந்து பிரான்சுக்கே போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் யார்? பிரான்சையே அப்போது ஆண்டுகொண்டிருந்த ராஜப் பிரதிநிதி ஓர்லேயான் பிரபு! குருவப்பா ‘செவாலியே’ பட்டத்தோடு ஊர் திரும்பினார். ஆம், சிவாஜி கணேசனுக்கு 270 ஆண்டுக்கு முன்பே ஒரு தமிழ் செவாலியே!

இதைவிடப் பரிதாபமான கதை வேண்டுமா? கியோம் லெ ழாந்தி என்ற வானியல் அறிஞரின் கதையைக் கேளுங்கள்.

வெள்ளிக் கோள் சூரியனைக் குறுக்கே கடப்பது அபூர்வம். எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வரும்; அப்புறம் நூறு ஆண்டுக்கு மேல் வராது. 1761 ஜூன் 6-ஆம் தேதி வரப்போகும் கடப்பைப் புதுச்சேரியில் இருந்து அளந்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம் என்று 1760-இல் பிரான்சில் இருந்து கிளம்பினார். கரையை நெருங்கும்போது செய்தி: புதுச்சேரி ஆங்கிலேயர் கையில்! கப்பல் திரும்பிவிட்டது. ஜூன் 6 வந்தது, வானம் பளிச்சென்று இருந்தது, வெள்ளி சூரியனைக் கடந்தது. நம் ஆளோ நடுக்கடலில், ஆடுகிற கப்பலின் மேல்தளத்தில்! கடிகாரம் வேலை செய்யாது, தொலைநோக்கி நிற்காது. பார்த்தார், அளக்க முடியவில்லை.

அடுத்த கடப்பு 1769-இல். ஊருக்குத் திரும்பிப் போவானேன் என்று இந்தியப் பெருங்கடலிலேயே தங்கிவிட்டார். மடகாஸ்கர் கரையை வரைந்தார். மணிலாவுக்குப் போனார், அங்கிருந்த ஸ்பானிய கவர்னர் சந்தேகப்பட்டதால் கிளம்பினார். 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் வசம். இடிந்த மாளிகையின் மிச்சத்தின் மேல் அவருக்கு ஒரு வான் ஆய்வு மாடம் கட்டிக் கொடுத்தார்கள். கீழ்த்தளத்தில் வெடிமருந்துக் கிடங்கு என்பது கூடுதல் தகவல். ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார். மே மாதம் முழுக்கக் காலை வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த நாள் விடிகிற நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது! கடப்பு முடிந்த பிறகு சூரியன் சாவகாசமாக வெளியே வந்து நாள் முழுக்கக் காய்ந்தது. அவர் விட்டு வந்த மணிலாவிலோ வானம் சுத்தம்.

இன்னும் முடியவில்லை! நோயில் விழுந்து, புயலில் சிக்கி, பிரனே மலையைக் கடந்து, 1771-இல் பாரிஸ் போய்ச் சேர்ந்தால் அவர் செத்துவிட்டதாக முடிவு கட்டியிருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவர் நாற்காலி வேறொருவருக்கு. சொத்தைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ராஜா தலையிட்டுத்தான் நாற்காலி திரும்பக் கிடைத்தது. அதன் பிறகு கல்யாணம் செய்துகொண்டு, ஒரு மகளைப் பெற்று, நிம்மதியாகத்தான் வாழ்ந்தார். அதைக் கேட்டதும் நமக்கும் ஒரு பெருமூச்சு வருகிறது.

ஆனால் பாருங்கள், இந்தத் தோல்விக்குள்ளே தமிழருக்கு ஒரு பொக்கிஷம் கிடைத்தது. காத்திருந்த நாள்களில் லெ ழாந்தி சும்மா இருக்கவில்லை. உள்ளூர்த் தமிழர்கள் கிரகணம் கணிப்பதைப் பார்த்து ஆடிப்போனார். காகிதம் இல்லை, அட்டவணைப் புத்தகம் இல்லை. தரையில் சோழிகளை நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருந்த சூத்திரங்களைச் சொல்லிக்கொண்டே கணக்குப் போட்டார்கள். அவரும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30-ஆம் தேதிச் சந்திர கிரகணத்தை வைத்துச் சோதித்தும் பார்த்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு வெறும் 41 விநாடி குறைவு. ஐரோப்பாவின் புகழ்பெற்ற தோபியாஸ் மாயர் அட்டவணையோ 68 விநாடி கூடுதல்!

இதோடு விட்டதா என்றால் இல்லை. அரை நூற்றாண்டு கழித்து, சென்னை வான் ஆய்வகத்தை ஒரு காலத்தில் நடத்திய ஜான் வாரன் அதே புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைப் பிடித்தார். 1825 கிரகணத்தைச் சோழி வைத்துக் கணிக்கச் சொன்னார். தொடங்கும் நேரத்தில் 4 நிமிடம்தான் வித்தியாசம்! (முடிவு நேரத்தில் பிசகு கூடிவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.) அந்தப் பஞ்சாங்கக்காரருக்குத் தாம் செய்வதன் உள் தத்துவம் தெரிந்திருக்கவில்லை என்றும் வாரன் எழுதினார். 1952-இல் நாய்கேபவர் என்ற கணித வரலாற்று மேதை ‘தமிழ் வானியல்’ என்றே கட்டுரை எழுதி, இந்த முறையின் வேர் பாபிலோனியா வரை போகிறது என்றார். பாபிலோனியாவில் எப்போதோ அழிந்துபோன ஒரு கணக்கு, புதுச்சேரித் திண்ணையில் சோழிகளாக உயிரோடு இருந்திருக்கிறது. எனக்கு இந்த ஒரு சேதி போதும், இந்த ஊரைக் கையெடுத்துக் கும்பிட.

வானத்தை விட்டு மொழிக்கு வருவோம். சம்ஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் ஒரே குடும்பம் என்று முதலில் சொன்னவர் வில்லியம் ஜோன்ஸ் என்றுதானே படித்தோம்? அது 1786. நம் பக்கத்தில் வாழ்ந்து 1779-இல் புதுச்சேரியிலேயே மறைந்த கெர்தூ பாதிரியார் 1767-லேயே இதைப் பாரிஸுக்கு எழுதி அனுப்பிவிட்டார்! அவர்கள் அதை அச்சில் ஏற்றியது 1808-இல்தான். பெயர் ஜோன்ஸுக்குப் போய்விட்டது. அதே காலத்தில் மரிதாஸ் பிள்ளை என்ற புதுச்சேரித் தமிழர் பாகவதத்தைப் பிரெஞ்சில் பெயர்த்தார். 1788-இல் பாரிஸில் அச்சேறியது. மாமேதை வோல்தேரே ‘எசூர் வேதம்’ என்று புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த ஒரு சுவடியை நம்பி, அலெக்சாந்தருக்கும் முந்தைய ஞானம் இது என்று கூத்தாடினார். அது பாதிரிமார் கட்டிய போலி வேதம் என்று பிறகு தெரிந்தது!

ஒரு ஜோடி சப்பாத்து சட்டத்தையே அசைத்த கதை தெரியுமா? 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போலச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். இந்தியருக்கு அது கூடாது என்று நடவடிக்கை எடுத்தார்கள். அவர் பாரிஸ் மன்றம் வரை போய் ஜெயித்தார்! பின்னால், 1881-இல், பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று சாதி வழக்கத்தைத் துறக்க இந்தியருக்கு வழி செய்யும் ஆணை வந்தபோது முன்வரிசையில் நின்றவரும் அவரே. லாப்போர்த் என்று தம் பெயரையே மாற்றிக்கொண்டார்.

இனி வருகிறவரைச் சொல்லாமல் யாரால் புதுச்சேரி எழுத முடியும்? 1908 செப்டம்பரில் ரயிலேறி வந்து இறங்கியபோது பாரதிக்கு வயது 25. கிளம்பியபோது 35. குயில் பாட்டு, கண்ணன் பாட்டு, பாஞ்சாலி சபதம் மூன்றும் இந்த ஊரில் பிறந்தவை! பத்து ஆண்டு. வாரண்டுக்குத் தப்பி ஒளிந்த பத்து ஆண்டு. வந்த ஆண்டே அக்டோபரில் அவருடைய ‘இந்தியா’ பத்திரிகை இங்கிருந்து மறுபடி கிளம்பியது. 1910 மார்ச்சில் மூச்சு நின்றது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதைத் தடுத்த பிறகு யார் வாங்குவார்கள்? வீதி முனையில் எப்போதும் ஒற்றர் கூட்டம். அந்தச் சூழலில்தான் முத்தியால்பேட்டைத் தோப்புக்குப் போய்க் குயிலைக் கேட்டார் மனிதர்!

பாரதி பட்டப்பெயர் வைப்பதில் மன்னன் என்பது தெரியுமா? வீட்டுக்காரருக்கு அவர் வைத்த பெயர் விளக்கெண்ணெய்ச் செட்டியார். வாடகை கேட்க வருவார், கவிஞர் பேசுவதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டு, வாடகை வாங்காமலே போவார் என்று வ.ரா. எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட வீட்டுக்காரர் இன்றைக்கு எந்த ஊரில் கிடைப்பார், சொல்லுங்கள்! ரா. கனகலிங்கம் என்ற ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞருக்குப் பாரதி பூணூல் போட்டு காயத்ரி சொல்லிக்கொடுத்தது இந்த ஊரில்தான். அந்த இளைஞர் பின்னாளில் ‘என் குருநாதர் பாரதியார்’ என்று புத்தகமே எழுதினார். 1921-இல் திருவல்லிக்கேணி யானை தள்ளியபோது உள்ளே பாய்ந்து பாரதியைத் தூக்கிய குவளைக்கண்ணனும் புதுச்சேரியில் ஒட்டிக்கொண்ட சிநேகிதர்தான். 1918 நவம்பர் 20-ஆம் தேதி எல்லை தாண்டிய கவிஞரைக் கடலூரில் பிடித்துச் சிறையில் வைத்தது போலீஸ். டிசம்பர் 14-இல் விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் மூன்று ஆண்டுகூட இருக்கவில்லை.

அவர் கூட்டாளி வ.வே.சு. ஐயர் வந்து சேர்ந்த கதை சினிமாவை மிஞ்சும். லண்டனில் சட்டம் படிக்கப் போனவர், தேடுதல் வேட்டைக்குத் தப்பி வேஷம் போட்டு, 1910-இல் புதுச்சேரியில் கரையேறினார். வழியில் ஓர் ஒற்றன் பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளைக் காட்டி மடக்க, ‘வீர விக்கிரம சிங்’ என்று கூசாமல் சொல்லித் தப்பினார் என்பார்கள். 1911-இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் துப்பாக்கிப் பயிற்சிக்காக வந்தது இவரிடம்தான். அதே கை என்ன செய்தது தெரியுமா? குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தது. ‘மங்கையர்க்கரசியின் காதல்’ என்ற தொகுப்பைத் தந்து தமிழ்ச் சிறுகதைக்கு வாசல் திறந்தது! 1925-இல் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் பாய்ந்து அவரும் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது 44.

1910 ஏப்ரல் 4-ஆம் தேதி கல்கத்தாவில் இருந்து ஒரு கப்பல் வந்தது. பெயர் ‘துய்ப்ளேக்ஸ்’! அதில் மறைந்து வந்தவர் அரவிந்தர். வரவேற்கப் போனவர்களில் பாரதியும் ஒருவர். கோமுட்டித் தெருவில் சங்கரச் செட்டியார் வீட்டு மாடியில் அவரை வைத்தார்கள். பாரதியும் அரவிந்தரும் சேர்ந்து ரிக் வேதம் படித்தார்கள். பாரதியின் துணையோடு தமிழ் பயின்ற அரவிந்தர் ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் ஆங்கிலத்தில் தந்தார். சில காலம் தங்கலாம் என்று வந்தவர் 1950 டிசம்பர் 5 வரை, நாற்பது ஆண்டு, ஊரை விட்டே போகவில்லை. இந்தியா விடுதலை அடைந்த 1947 ஆகஸ்ட் 15 அவருடைய 75-ஆவது பிறந்த நாள்! ஆனால் அன்று அவர் குடியிருந்த ஊருக்கு விடுதலை இல்லை. அங்கே பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. 1950-இல் அவரைப் படமெடுக்க வந்தவர் யார் என்கிறீர்கள்? உலகப் புகழ் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன்!

அமெரிக்க ஜனாதிபதியின் மகள் ஒருத்தி புதுச்சேரி மண்ணில் உறங்குகிறாள் என்றால் நம்புவீர்களா? முதல் உலகப் போரின்போது ஜனாதிபதியாக இருந்த உட்ரோ வில்சனின் மூத்த மகள் மார்கரெட். அவர் ஒரு பாடகி. 1914-இல் தாய் இறந்ததும் வெள்ளை மாளிகையின் முதல் பெண்மணி போல நின்று விருந்தாளிகளைக் கவனித்தவர். 1915-இல் அமெரிக்க தேசிய கீதத்தைப் பாடி இசைத்தட்டு வெளியிட்டவர். போர்க்காலத்தில் படை முகாம் முகாமாகப் போய்ப் பாடிப் பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டார். குரல் போன பிறகு மனம் தேட ஆரம்பித்தது. அரவிந்தரின் புத்தகம் கையில் கிடைத்தது. 1938-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதுச்சேரி வந்தார். நிஷ்டா என்ற பெயர் பெற்றார். இராமகிருஷ்ணரின் அமுத மொழிகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்த நிகிலானந்தருக்கு உதவியவர்களில் இவரும் ஒருவர். ஊர் திரும்பச் சொல்லி எவ்வளவோ பேர் கேட்டார்கள். போகவில்லை. 1944 பிப்ரவரி 12-ஆம் தேதி இங்கேயே காலமானார். வெள்ளை மாளிகையில் வளைய வந்த ஒரு பெண்ணின் கடைசி முகவரி புதுச்சேரி!

இசை என்றதும் இன்னொரு பெயர். வங்கத்து திலீப் குமார் ராய் 1928 முதல் இங்கே அரவிந்தர் ஆசிரமத்தில் வாழ்ந்தவர். எம்.எஸ். சுப்புலட்சுமி அவரோடு சேர்ந்து பாடிய வந்தே மாதரம் இசைத்தட்டு இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறது. கேட்டுப் பாருங்கள், தெரியும்.

அந்த ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1930-களின் கடைசியில் எழும்பத் தொடங்கிய அந்தக் கட்டடத்தில் மின்விசிறி தேவையில்லை, காற்று தானே நடமாடும்! கட்ட வந்த இளைஞர் ஜார்ஜ் நாகாஷிமா பின்னால் அமெரிக்காவின் தலைசிறந்த மரச்சாமான் கலைஞர்களில் ஒருவர் ஆனார். ஐதராபாத் நிஜாம் அரசின் கொடையில் எழுந்ததால் அந்தப் பெயர்.

இப்போது வடக்கே, கருவடிக்குப்பத்துக்கு வாருங்கள். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் எங்கே அடக்கமாகியிருக்கிறார் என்று மதுரைக்காரரைக் கேட்டால் மதுரை என்பார். இல்லை! தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர், மதுரையில் சிறுவர் நாடகக் குழு அமைத்தவர், 1922 நவம்பர் 13-ஆம் தேதி காலமானது புதுச்சேரியில். சமாதி கருவடிக்குப்பத்தில். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் எல்லாம் அவர் எழுதியவை. இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைக் கிராமத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்துக்கு அடித்தளம் அவர் போட்டதுதான். அபிமன்யு நாடகம் முழுவதையும் ஒரே இரவில், அடித்தல் திருத்தல் இல்லாமல், பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார். சாட்சி சொன்னவர் அவருடைய மாணவர் டி.கே. சண்முகம். கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. பேச்சையே மேடையேற்றிய மனிதருக்கு! பாரதி பாடிய சித்தானந்த சுவாமி கோயிலும் அதே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் போய்வர ஒரு மாலைப்பொழுது போதும். போகிறவர்கள் எத்தனை பேர்?

பாரதிதாசன் முதலில் முருக பக்தர் என்பது தெரியுமா? 1926-இல் மயிலம் சுப்பிரமணியர் மேல் துதியமுது பாடி அச்சிட்டவர், சில ஆண்டுகளில் சுயமரியாதை இயக்கத்தின் போர்முரசு! 1891-இல் இதே ஊரில் பிறந்த கனக சுப்புரத்தினம், 18 வயதில் காரைக்கால் பக்கம் நிரவியில் தமிழாசிரியர் ஆனார். 1946-இல் அண்ணா முன்னின்று திரட்டி அளித்த பொற்கிழி 25,000 ரூபாய். அந்தக் காலத்து 25,000! ‘எதிர்பாராத முத்தம்’ என்ற அவர் காவியம் 1950-இல் ‘பொன்முடி’ என்ற படமானது. 1955-இல் புதுச்சேரி சட்டமன்றத்துக்கும் தேர்வானார். சாகித்திய அகாதெமி விருது ‘பிசிராந்தையார்’ நாடகத்துக்காக 1969-இல் வந்தது. அவர் போய் ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து மனோன்மணீயம் சுந்தரனாருடையது. எல்லை தாண்டிப் புதுச்சேரி அரசு விழாவுக்குப் போங்கள், வேறு பாட்டு ஒலிக்கும். அது பாரதிதாசனுடையது!

எட்டு மணி நேர வேலை? அதற்கும் புதுச்சேரி ரத்தம் கொடுத்திருக்கிறது. 1936 ஜூலை 30-ஆம் தேதி ஆலைத் தொழிலாளர் மேல் துப்பாக்கிச் சூடு. 12 பேர் பலி. வ. சுப்பையா நடத்திய அந்தப் போராட்டத்துக்குப் பிறகே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர உரிமை வந்தது. பிரெஞ்சு ஆட்சி முடிந்த கதையும் உண்டு. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். 8 பேர் மாட்டோம் என்றார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படி முழுக்க இணைந்தது எப்போது தெரியுமா? 1962 ஆகஸ்ட் 16! அதனால் இந்த ஊருக்கு விடுதலை நாள்களே பல.

நம் காலத்துக்கு வருவோம். ஆனந்த ரங்கப் பிள்ளையின் காகிதங்களுக்குள் புகுந்து ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற இரண்டு நாவல்களோடு வெளியே வந்தவர் புதுச்சேரிக்காரர் பிரபஞ்சன். இரண்டாவதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி. 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது புதுச்சேரி அரசு மரியாதையோடு வழியனுப்பியது.

அப்புறம் எழுத்தாளர் கி.ரா.! மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி, அங்கேயும் மழையையே வேடிக்கை பார்த்தவன் என்று தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட இடைசெவல் விவசாயி. அவரைத்தான் புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டார் வழக்காற்றுக்குப் பேராசிரியர் ஆக்கியது! பட்டம் இல்லாத பேராசிரியரிடம் பட்டம் வாங்கப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். 1989-இல் வந்தவர் கரிசலுக்குத் திரும்பவில்லை; லாஸ்பேட்டையில், அரசுக் குடியிருப்பில், 2021 மே 17-ஆம் தேதி, 98-ஐத் தொட்டுக்கொண்டிருந்த வயதில் மறைந்தார். உடல் மட்டும் இடைசெவலுக்குப் போனது, தமிழ்நாடு அரசின் மரியாதையோடு.

பாரதி குடியிருந்த ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி வீடும், பாரதிதாசன் வாழ்ந்த பெருமாள் கோயில் வீதி வீடும் இப்போது அருங்காட்சியகங்கள். இரண்டுக்கும் நடந்தே போகலாம். கருவடிக்குப்பத்துக்கு ஒரு ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். போகும் முன் நூலகத்தில் ரங்கப்பிள்ளை நாட்குறிப்பின் ஒரு தொகுதியை, எந்தத் தொகுதியானாலும் சரி, எடுத்து நான்கு நாள் சேதியாவது படித்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் லெ ழாந்தி கதையை வழியிலேயே சொல்லிவிடுங்கள். ஊர் வரும்வரை தூங்க மாட்டார்கள்.